பொருந்தாப் பட்டையும் பழைய வண்டியும்

தமிழ் பயிலும் மாணாக்கர் மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைப்பற்றிக் கருத்துரைக்கப் புகுதல் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், அச்சும் ஆணியும் உருளையும் நம் பண்டைப் புலவர் அறியாத பொருள்களல்ல. மென்மையான மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றப்படின் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் திருவள்ளுவர் அரசர்க்கு வலியறிதலை விளக்கும் உவமையாகக் கொண்டார். வண்டியை உற்றுநோக்காத ஒருவர்க்கு இவ்வுவமை தோன்றியிராது. மக்களின் பிழைப்பும் உயிரும் எப்பொருளைச் சார்ந்து நிற்கின்றனவோ அப்பொருள் எழுதத்தக்க பொருளேயாம் என்னும் துணிவால், நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பழைய பிக்-அப் வண்டிகளைக் குறித்துச் சில கூற முற்பட்டோம்.

பிக்-அப் என்பது முன்னே ஓட்டுவோர் அறையும் பின்னே திறந்த தட்டும் உடைய சிறு சுமைவண்டி. உழவர் காய்கறியும் வாழைத்தாரும் சந்தைக்குக் கொண்டு செல்வதும், வீடு கட்டுவோர் சிமெண்டும் மணலும் கொணர்வதும், ஏழைக் குடும்பத்தார் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேற்றூர்க்குக் குடிபெயர்வதும் இதனாலேயாம். புதிய வண்டி வாங்க வகையற்றோர், பதினைந்து இருபது ஆண்டு உழைத்துத் தேய்ந்த வண்டியை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுகின்றனர். அத்தகைய வண்டியில் விரைந்து தளர்வனவற்றுள் அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டைகளும், அவற்றின் முனைகளில் அமைந்த புஷ்களும் தலையாயவை. அவை தளர்ந்தவிடத்து, உரிய பட்டை கிடையாமையாலோ விலை மிகுதியாலோ, வேறொரு வண்டியினின்று கழற்றிய பட்டையை ஒரு பக்கத்தில் மாட்டி, கைக்கு அகப்பட்ட புஷ்ஷைத் தட்டி ஏற்றி, எஞ்சிய இடைவெளியை வாஷரால் நிரப்பி அனுப்பிவிடும் வழக்கம் பலவிடங்களிற் காணப்படுகின்றது. இவ்வழக்கம் சிக்கனம்போலத் தோன்றினும் சிக்கனமன்று என்பதும், பட்டையும் புஷ்ஷும் மாற்றுங்கால் அவற்றை அளந்தும் இணையாகவும் ஒருசேரவும் மாற்றுதல் வேண்டும் என்பதுமே நம் கருத்து.

இதனை நிறுவுதற்கு முன், பட்டையின் தொழில் யாது என்பதை அறிதல் வேண்டும். நம் பழைய மாட்டுவண்டியில் அச்சு வண்டியின் உடலோடு இறுகப் பிணிக்கப்பட்டிருக்கும். இடையே வில் என்பதொன்று இல்லை. பிக்-அப் வண்டியிலோ, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே எஃகுப் பட்டைகளின் கட்டு ஒன்று நிற்கின்றது. அக்கட்டில் நீளமிக்க பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவ்வளையங்களைக் கண் என்றும், அப்பட்டையை மெயின் பட்டை என்றும் பட்டறையிற் கூறுவர். அதனோடு வரவரக் குறுகிய பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவே ஒரு சென்டர் போல்ட்டாற் கோக்கப்படும். முன்கண் சட்டத்தில் நிலையாகப் பூட்டப்படும். பின்கண் ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் நிற்கும். வளைந்த பட்டை சுமையால் நிமிருங்கால் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகுமாதலின், அம்மிகுதிக்கு இடந்தருவது ஷேக்கிளின் வேலை. சென்டர் போல்ட்டின் தலை அச்சின் பீடத்திலுள்ள குழியில் அமர்ந்து அச்சின் இடத்தை வரையறுக்கும். பக்கத்துக்கு இரண்டாக யூ போல்ட்டுகள் அச்சையும் கட்டையும் இறுக்கிப் பிணிக்கும்.

இவ்வமைப்பை நோக்குவோர்க்குப் பட்டையின் தொழில் ஒன்றன்று, இரண்டு என்பது விளங்கும். குழியிலும் மேட்டிலும் எழும் குலுக்கலைத் தாங்குதல் ஒன்று. அச்சை அதற்குரிய இடத்தில் நேராக நிறுத்துதல் மற்றொன்று. அச்சைப் பிடித்து நிறுத்த வேறு தண்டுகள் இல்லாத பிக்-அப் வண்டிகளில், எஞ்சின் தரும் உந்துதலும் பிரேக் தரும் தடையும் பட்டையின் முன்கண் வழியாகவே வண்டியின் உடலைச் சென்றடைகின்றன. முதல் தொழிலை மட்டும் கண்டு, “ஏதோ ஒரு பட்டை, தாங்கினாற் போதும்” என்பவர் இரண்டாவதை மறந்தவராவர். பொருந்தாப் பட்டையால் விளையும் கேடுகளிற் பெரும்பாலன இம்மறதியினின்றே பிறக்கின்றன.

இனி, பொருந்தாமை எத்தனை வகைப்படும் என ஆராய்வோம். முதலாவது விறைப்பில் வரும் பொருந்தாமை. ஒரு வில் தன்மேற் செலுத்தப்படும் விசைக்கு ஏற்பவே நீளும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். எத்துணை விசைக்கு எத்துணை வளையும் என்பதோ பட்டையின் அகலம், கனம், நீளம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. அகலம் இருமடங்காயின் விறைப்பும் இருமடங்காகும். ஆனால், கனம் இருமடங்காயின் விறைப்பு எண்மடங்காகும். நீளம் இருமடங்காயின் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 7 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைக்கட்டு இருந்த இடத்தில், ஏனைய அளவெல்லாம் ஒத்து 8 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டு வந்ததாகக் கொள்வோம். ஏழின் கனம் 343. எட்டின் கனம் 512. ஆகவே விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கட்டின் நீளம் 1,200 மில்லிமீட்டரினின்று 1,100 ஆகக் குறைந்தாலும் விறைப்பு நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் உயரும். துருவும் சேறும் படிந்த பழைய பட்டையில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை எவர் கண் காணும்?

இடப்பக்கம் ஒரு விறைப்பும் வலப்பக்கம் வேறொரு விறைப்பும் உடைய வண்டி வெறுமையாய் நிற்கையில் நேராக நிற்கலாம். சுமையேறியதும் மெல்லிய பக்கம் தாழும். அவ்வளவில் நின்றாலும் ஒருவாறு பொறுக்கலாம். நான்கு கால் உடைய முக்காலியில் ஒரு காலின் கீழ்ச் சக்கை வைத்தால் எதிர்மூலைக் காலும் அதுவுமே பாரத்தைத் தாங்க, மற்றை இரண்டும் வெறுமையாவதுபோல, வண்டியின் பாரமும் மூலைக்கு மூலை மாறிவிடும். பாரம் குறைந்த சக்கரம் பிரேக் மிதித்தவுடன் பிடிமானம் இழந்து வழுக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மழைநாளில் வளைவொன்றில் இது நிகழ்ந்தால் விளைவு யாதாகும் என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, இடத்தில் வரும் பொருந்தாமை. முன்கண்ணின் நடுவிலிருந்து சென்டர் போல்ட்வரை உள்ள நீளமே அச்சு நிற்கும் இடத்தை முடிவுசெய்கின்றது. மொத்த நீளம் ஒத்த இரு பட்டைகளில் இவ்வொரு நீளம் மட்டும் வேறுபடுதல் உண்டு; ஏனெனில், எல்லாப் பட்டையிலும் சென்டர் போல்ட் சரிநடுவில் இராது. இரு பக்கத்துக்கும் இந்நீளத்தில் 6 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்து, இரு கட்டுகளுக்கும் இடையே ஒரு மீட்டர் தொலைவு இருக்குமாயின், அச்சு மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் கோணலாக நிற்கும். பின்சக்கரங்கள் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ள, ஓட்டுவோர் அதற்கு எதிராக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே செல்லுதல் வேண்டும். பின்னேயிருந்து நோக்குவார்க்கு அவ்வண்டி நண்டுபோலச் சாய்ந்து செல்வது தெரியும். டயர் தேய்வதும் டீசல் வீணாவதும் ஓட்டுவோர் கை ஓய்வதும் அன்று தொடங்கும்.

மூன்றாவது, புஷ்ஷில் வரும் பொருந்தாமை. புஷ் என்பது கண்ணுக்கும் போல்ட்டுக்கும் இடையே அமையும் சிறு குழல். சில ரூபாய்ப் பொருள் என்று இகழப்படுவது. ஆயினும், பட்டை சட்டத்தைத் தொடும் இடம் இஃதொன்றே. வெண்கலத்தாலோ எஃகாலோ ஆய புஷ் கிரீஸை வேண்டும். கிரீஸ் வற்றின் அதுவும் போல்ட்டும் ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும். ரப்பர் புஷ்ஷோ வழுக்குவதன்று, முறுக்கிக்கொள்வது. ரப்பரின் உள்ளும் புறமும் பற்றி நிற்க, அதன் உடலே திருகி அசைவுக்கு இடங்கொடுக்கும். அதற்கு எண்ணெயும் கிரீஸும் பகை. பாலியூரிதேன் என்னும் புதுப்பொருளால் ஆய புஷ் ரப்பரினும் கடியது. உள்ளிருக்கும் எஃகுக் குழலின்மேல் வழுக்கி அசைவது. அதற்குத் தகுந்த கிரீஸ் இன்றேல் கீச்சென்று ஒலிக்கும். ஒரு பக்கத்துக் கண்ணில் பழைய ரப்பரையும் மறுபக்கத்துக் கண்ணில் கடிய பாலியூரிதேனையும் வைத்தால், பிரேக் பிடிக்குந்தோறும் ஒரு பக்கம் நெகிழும், மற்றைப் பக்கம் நெகிழாது. அளவால் ஒத்த பட்டைகளைக்கூடப் பொருந்தா இணையாக்க இச்சிறு பொருள் வல்லது.

புஷ்ஷின் நடுவிலுள்ள எஃகுக் குழலின் நீளமும் கருதத்தக்கது. அக்குழல் ரப்பரைவிடச் சிறிது நீண்டு, பிராக்கெட்டின் இரு சுவர்களுக்கும் இடையே சரியாக அமரவேண்டும். போல்ட்டை இறுக்குங்கால் சுவர்கள் குழலைக் கவ்வி நிற்க, அசைவெல்லாம் ரப்பரில் நிகழும். குழல் குறுகியதாயின், இறுக்கம் குழலைச் சேராது. குழல் போல்ட்டின்மேல் உருண்டு உருண்டு போல்ட்டையே தேய்த்துவிடும். மேலும், ரப்பர் புஷ் பூட்டிய போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்குகையில் இறுதியாக இறுக்குதல் தவறு. சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் பட்டைமேல் விழுந்தபின்னரே இறுக்குதல் வேண்டும். இன்றேல், ரப்பர் எந்நேரமும் திருகிய நிலையிலேயே நின்று விரைவிற் கிழியும். நல்ல புஷ்களும் சில திங்களிற் கெடுவதற்கு இஃதொரு காரணம்.

இனி, கட்டு முழுவதையும் மாற்றாமல் முறிந்த பட்டையொன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகும் முறையை நோக்குவோம். ஒரு கட்டிலுள்ள பட்டைகள் எல்லாம் ஒரே வளைவு உடையனவல்ல. குறுகிய பட்டைக்கு வளைவு மிகுதி. கட்டாத நிலையில் இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி தோன்றும். சென்டர் போல்ட்டை இறுக்கும்போது அவ்விடைவெளி மூடி, மெயின் பட்டையின் சுமையிற் சிறிது கீழ்ப்பட்டைகளுக்குப் பகிரப்படும். வளைவு தவறிய பட்டை இடையே நுழைந்தால், தானே மிகுதியாகச் சுமந்து முறியும். அல்லது சுமக்காதிருந்து மெயின் பட்டையை முறிக்கும். பாரபோலிக் என்னும் புதுவகைப் பட்டை நடுவிற் கனத்தும் முனைகளில் மெலிந்தும் இருப்பது. அதன் பட்டைகள் நடுவிலும் முனைகளிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். அதனிடையே பழைய முறைப் பட்டையைச் செருகுதல் சற்றும் பொருந்தாது. வளைவு வரவேண்டுமெனக் காய்ச்சி அடிப்பதும், முறிந்ததை வெல்டிங் செய்வதும் அதனினும் தீயவை. பழைய லாரிப் பட்டையைக் கொல்லர் உலையிலிட்டு அரிவாளாக்குவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கூட அடித்து முடித்தபின் மீண்டும் துவைச்சல் காட்டியே கூர்மையும் உறுதியும் பெறுவிக்கின்றார். சூடு கண்ட எஃகு தன் பதத்தை இழக்கும் என்பது அவர் அறிந்த உண்மை. அரிவாளுக்குக் காட்டும் அப்பரிவை வண்டிப் பட்டைக்கும் காட்டுதல் வேண்டாவோ?

பட்டையோடு இணைந்த பிற உறுப்புக்களும் உள. பட்டையின் வளைவு மாறினால் பின் அச்சின் முகம் மேலோ கீழோ திரும்பும். அதனால் எஞ்சின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் இருமுனைக் கோணங்களும் ஒவ்வாமற் போய், வண்டி நடுங்கத் தொடங்கும். டொயோட்டா ஹைலக்ஸ் முதலிய வண்டிகள் பலவற்றில், சுமைக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது சுமையை நிறுத்து அறிவதில்லை. சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவு எவ்வளவு குறைந்தது என்பதைக்கொண்டே சுமையை உய்த்துணர்கின்றது. விறைத்த பட்டை பூட்டினால் தொலைவு குறையாது. சுமையேறியும் ஏறாததாகக் கருதி வால்வு அழுத்தத்தைக் குறைத்தே விடும். சுமை மிக்க நேரத்திலேயே பின்பிரேக் மெலிந்துபோகும் என்பது எத்துணை அச்சந்தரும் செய்தி!

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவோம். நமது ஊரில் வாழைத்தார் ஏற்றும் பழைய பிக்-அப் ஒன்றில் வலப்பக்கப் பட்டை முறிந்தது. 70 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டு இருந்த இடத்தில், வேறு வகை வண்டியின் 60 மில்லிமீட்டர்க் கட்டு பூட்டப்பட்டது. பிராக்கெட்டில் மிகுந்த இடம் வாஷரால் நிரம்பியது. பழைய யூ போல்ட்டே மீண்டும் ஏறியது. அகன்ற கட்டுக்கென வளைத்த யூ போல்ட் குறுகிய கட்டின்மேல் சாய்ந்து நின்றமையால் இறுக்கம் நாளடைவில் தளர்ந்தது. அச்சின் பாரமெல்லாம் சென்டர் போல்ட் ஒன்றின்மேல் விழுந்தது. முதலில் டயர் ஒருபுறமாகத் தேய்ந்தது. அடுத்துப் புது டயரும் அவ்வாறே ஆயிற்று. ஒருநாள் மாலை தோட்டத்தினின்று மீளுகையில் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு ஒரு பக்கம் பின்வாங்க, வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. நல்வினைப் பயனால் உயிர்ச்சேதம் இல்லை. பின்தட்டில் அமர்ந்து வந்த கூலிப்பெண் ஒருவருக்குக் கை முறிந்தது. மூன்று திங்கள் அவருக்கு வேலையில்லை. அக்கூலியை ஈடுசெய்வாரும் இல்லை. பட்டையில் மிச்சம் பிடித்தவர் ஒருவர். அதன் விலையைக் கொடுத்தவர் மற்றொருவர். பொருள் ஏற்றும் தட்டில் ஆள் ஏற்றுதலே தவறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பேருந்து செல்லாத தோட்டத்துப் பாதையில் கூலியாட்கள் இன்றும் அவ்வாறே செல்கின்றனர்.

இவ்வளவும் கூறியதால், வேற்று வண்டிப் பட்டையை எக்காலத்தும் பூட்டலாகாது என்பது நம் துணிபு என எண்ணற்க. வேறுபாடு தானே குற்றமன்று. உலகப்போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப்பில், இடப்பக்க முன் பட்டைக்கட்டில் மட்டும் துணைப்பட்டை ஒன்றை அமைத்தனர். அவ்வண்டியின் ஷேக்கிள்கள் சிலவற்றில் வலப்புரியும், சிலவற்றின் ஒரு முனையில் இடப்புரியும் வெட்டப்பட்டிருந்தன. இடப்புரி உடையதை அறிதற்கு ஷேக்கிளின்மேல் சிறு புடைப்பு ஒன்றை அடையாளமாக வைத்தனர். அங்கே இடமும் வலமும் வேறுபட்டன. ஆனால், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணமும் அளவும் அடையாளமும் இருந்தன. நம் பட்டறையிற் புகும் வேறுபாட்டுக்கோ, அன்றைக்கு அது கையிற் கிடைத்தது என்பதையன்றி வேறு காரணமில்லை.

இலக்கணத்தில் நாம் பயிலும் புணர்ச்சி விதியும் இத்தகையதே. நிலைமொழியும் வருமொழியும் இயல்பாகப் புணர்தலும் உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் எய்திப் புணர்தலும் உண்டு. விதியறிந்து புணர்த்தால் வேறுபட்ட சொற்களும் ஒரு தொடராகும். அறியாது புணர்த்தால் பொருள் திரியும். வேற்றுப் பட்டையைப் பழைய வண்டியோடு சேர்க்குங்கால், குறைந்த இடத்துக்குச் சரியளவான குழல் கடைசலில் தோன்றவேண்டும். பொருந்தாத பிராக்கெட்டு அளவுக்கேற்பத் திரியவேண்டும். மிகுதியான பட்டை கெடவேண்டும். இவை மூன்றும் இரு பக்கமும் ஒருங்கே நிகழ்ந்தால், வேற்றுப் பட்டையும் அவ்வண்டிக்கு உரியதாகிவிடும்.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். “ஒரு பட்டை முறிந்ததற்கு இரண்டை மாற்ற ஏழைக்கு ஏது பொருள்?” என்பது முதல் தடை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புக்களை விற்கின்றனர். ஒரே வண்டியினின்று கழற்றிய இரு கட்டுகளையும் அவற்றுக்குரிய ஷேக்கிளோடு சேர்த்து வாங்குவது புதியது வாங்குவதினும் மலிவு. ஒருபுறமாகத் தேய்ந்து எறியப்படும் டயர்களின் விலையையும், வண்டி நின்ற நாட்களின் வருவாயையும் கூட்டிப் பார்ப்பவர்க்கு எது சிக்கனம் என்பது புலப்படும்.

“மெக்கானிக்கின் கை அறியாததை ஏடும் அளவுகோலும் அறியுமோ?” என்பது இரண்டாம் தடை. கைத்தொழிலாளரின் அனுபவத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஒலியைக் கேட்டே பழுதைக் கூறும் வல்லுநர் நம்மிடையே உளர். ஆனால், பொற்கொல்லர் எத்துணை வல்லவராயினும் பொன்னைக் கையால் நிறுத்து விலை கூறுவதில்லை; தராசையே எடுக்கின்றார். தராசு அவர் திறமைக்கு இழுக்கன்று. ஒரு மில்லிமீட்டரில் ஒன்றரை மடங்கு வேறுபடும் பொருளுக்கு அளவுகோல் வேண்டும் என்பதும் மெக்கானிக்குக்கு இழுக்காகாது.

“பழைய வண்டி, மெல்லச் செல்வது, அதற்கு இத்துணை நுட்பம் எற்றுக்கு?” என்பது மூன்றாம் தடை. புதிய வண்டி ஒரு குற்றத்தைப் பொறுக்கும். சட்டம் துருவேறி, பிரேக் தேய்ந்து, டயர் வழவழத்த வண்டிக்கோ பொறுக்கும் ஆற்றல் குறைவு. ஆதலின் பழைய வண்டிக்கே கருத்து மிகுதியாக வேண்டும்.

“பட்டையைக் கூட்டினால் பாரமும் கூட்டலாமே” என்பாரும் உளர். இது தடையன்று, மயக்கம். பட்டை தாங்கினாலும் அச்சும் அதன் பேரிங்கும் பிரேக்கும் டயரும் சட்டமும் பழைய அளவினவே. பதிவுச் சான்றிற் கண்ட எடைக்கு மேல் ஏற்றுதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கின்றது; 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு 20,000 ரூபாய்த் தண்டமும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதித்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சாதவரும் மலைச்சரிவில் இறங்குகையில் பிரேக்குக்கு அஞ்சுதல் நலம்.

ஆயின் செயற்பாலது யாது? நாம் வேண்டுவது பெரிதன்று. பழைய பட்டையைக் கழற்றியவுடன் ஒரு தாளில் சில அளவுகளைக் குறித்தல் வேண்டும்: முன்கண்ணிலிருந்து சென்டர் போல்ட்வரை நீளம், அங்கிருந்து பின்கண்வரை நீளம், பட்டையின் அகலம், ஒவ்வொன்றின் கனம், எண்ணிக்கை, வளைவின் உயரம், கண்ணின் உள்விட்டம், புஷ் குழலின் நீளமும் துளையும், பிராக்கெட்டின் இடைவெளி, சென்டர் போல்ட் தலையின் விட்டம். முறியாத பக்கத்துக்கும் இவ்வாறே குறித்தல் வேண்டும். ஏனெனில், முன்னொருநாள் அப்பக்கமே மாறியிருத்தல் கூடும். பின்னர், ஓர் அச்சின் இரு கட்டுகளையும் இணையாக மாற்றுக. அவ்வச்சின் புஷ்களெல்லாம் ஒரே பொருளால் ஆயினவாக இருக்க. யூ போல்ட்டுகள் புதியனவாகவும், கட்டின் அகலத்துக்கு உரியனவாகவும் இருக்க. வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அவற்றை மீண்டும் இறுக்குக. முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்து ஒப்பிடுக. நூல் ஒன்றும் அளவுகோல் ஒன்றும் இருந்தால் இவ்வேலை அரைமணியில் முடியும். வண்டி ஒரு பக்கம் சாய்கின்றதென உடனே அப்பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கூட்டாமல், சட்டத்தில் வெடிப்போ புஷ்ஷில் தேய்வோ உண்டா என முதலில் நோக்குக.

இதில் நம் கல்லூரியைச் சேர்ந்தார்க்கும் பங்குண்டு. வண்டி செய்வோர் வெளியிடும் பழுதுபார்ப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் பலர்க்கு அவை எட்டாக்கனி. ஆசான் வாய்மொழியாகக் கூறியதே அவர்க்கு நூல். ஆசான் மறந்தது அவர்க்கும் மறைந்தது. தமிழிற் பட்டம் பெறப்போகும் நாம், பட்டை, கண், புஷ், ஷேக்கிள் என அவர்கள் வழங்கும் சொற்களையே கொண்டு, அளக்கும் முறையையும் பூட்டும் முறையையும் விளக்கும் சிறுநூல் ஒன்றை எழுதிக்கொடுத்தல் ஆகாதா? பௌதிகப் பகுதியினர் கணக்கைச் சரிபார்க்கலாம். போக்குவரத்துத் தொழிலிலுள்ள பழைய மாணவர் தம் அனுபவத்தைச் சேர்க்கலாம். பட்டறைச் சுவரில் ஒட்டத்தக்க ஒரு தாளாயினும் போதும். பண்டைப் பாட்டுக்கு உரை காண்பது தமிழ்த்தொண்டே. கூலிப்பெண் ஒருவர் கை முறியாமல் வீடு சேர்வதற்கு ஒரு தாள் எழுதுவதும் தமிழ்த்தொண்டே என்பது நம் எண்ணம்.

வண்டி பழையது என்பது குறையன்று; அதைக்கொண்டு பிழைப்பவர் ஏழை என்பதும் குறையன்று. பழையதை ஓட்டுவதற்கு உரிய அறிவை அவர்க்கு எட்டாமல் வைத்திருப்பதே குறை. அக்குறையை நீக்குதற்கு நம் கல்லூரியார் இவ்வாண்டிலேயே முன்வருவார்களாக.